வெளியில் தெரியாத குடல் நோய்: வேலைக்குப் போகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நீலக்குடை
வணக்கம். எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் இடப்பக்கத்தில் புண் இருப்பதாகக் கொலனோஸ்கோப்பியில் (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) தெரிந்தது. அதற்கு முன் நெடுநாள் மூலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது மெசலமைன் மாத்திரை, இரவில் எனிமா, கூடவே ஸ்டீராய்டு. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறோம்.

மருந்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அங்கே கேட்க முடியாததை இங்கே கேட்கிறேன். காலையில் கிளம்புவதற்குள் நாலைந்து முறை போக வேண்டியிருக்கிறது. போய்விட்டு எழுந்த அடுத்த நிமிஷம் மறுபடி முக்கச் சொல்கிறது; உட்கார்ந்தால் கொஞ்சம் சீதமும் ரத்தமும் தவிர ஒன்றும் வராது. பேருந்தில் ஏறியதும் வியர்க்க ஆரம்பித்துவிடும். அலுவலகக் கூட்டத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்பது காதில் ஏறாது, கதவு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் மனசில் ஓடும். பார்க்கிறவர்களோ "முகம் நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். (ஸ்டீராய்டால் கன்னம் உப்பியிருக்கிறது, அதைத்தான் நல்லாயிருக்கு என்கிறார்கள்.)

வேலை, பயணம், தூக்கம் இதையெல்லாம் நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள்?

ஓரிலை
எனக்கு க்ரோன். சிறுகுடலின் கடைசிப் பகுதியில். உங்களுடையதும் என்னுடையதும் ஒரே குடும்பத்து நோய் என்றாலும் ஒன்றல்ல. கொலைட்டிஸ் பெருங்குடலோடு நிற்கும், உள்பக்கத் தோலைத்தான் பிடிக்கும். க்ரோன் வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கேயும் வரும், குடல் சுவரின் முழு ஆழத்துக்கும் போகும். அதனால்தான் எங்களில் சிலருக்குக் குடல் சுருங்கி அடைப்பு வருகிறது, பௌத்திரம் வருகிறது.

முதலில் அந்த "இன்னும் இருக்கிற மாதிரி" உணர்வு. மலக்குடல் புண்ணாகி இருக்கும்போது அது விரிந்து கொடுக்காது. ஒரு ஸ்பூன் அளவு வந்தாலே நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லிவிடும். உங்கள் மனப்பயம் இல்லை அது. எனவே முக்க முக்க ஒன்றும் நடக்காது, வலிதான் மிஞ்சும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த இடம் ஆறினால்தான் அவசரமும் குறையும். அதற்கு வாய்வழி மாத்திரையைவிட அந்த எனிமாதான் நேரே போய் வேலை செய்யும். பலரும் கூச்சப்பட்டு அதைத்தான் முதலில் விடுகிறார்கள்.

காலை நேரம் எல்லோருக்குமே மோசம். எழுந்ததும் குடல் விழித்துக்கொள்ளும், வயிற்றில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் இன்னொரு தடவை தள்ளும். நோய் இல்லாதவர்களுக்கும் இது உண்டு, நமக்குப் பல மடங்கு. நான் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு எழுகிறேன். எழுந்தவுடனே ஏதாவது குடித்துவிட்டால் முதல் இரண்டு சுற்றும் வீட்டிலேயே முடிந்துவிடும். தூக்கம் குறையும் என்பது உண்மைதான், அதனால் இரவு சீக்கிரம் படுக்கிறேன்.

பையில் எப்போதும் ஒரு சின்னப் பொட்டலம்: மாற்று உள்ளாடை, இறுக மூடும் பிளாஸ்டிக் உறை, ஈரத்துணி, எரிச்சலுக்குத் துத்தநாகக் களிம்பு. நான் அதை அநேகமாகத் திறப்பதே இல்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்தால் பேருந்தில் வியர்ப்பது பாதியாகக் குறைகிறது.

வெண்தாள்
அலுவலகத்தில் சொல்லிவிட்டீர்களா, இல்லையா? என் அனுபவத்தில் சொல்லாமலிருப்பதே மேல். நான் சொன்ன பிறகு நல்ல வேலையெல்லாம் அடுத்தவருக்குப் போனது. "உனக்குச் சிரமம் வேண்டாமென்றுதான்" என்றார்கள். அக்கறை மாதிரியே இருந்தது, பதவி உயர்வு மட்டும் வரவில்லை.

ஓரிலை
வெண்தாள், உங்களுக்கு நடந்தது அநியாயம். அப்படி நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் சொல்வதா வேண்டாமா என்பதோடு, எவ்வளவு சொல்வது, யாரிடம் சொல்வது என்பதும் இருக்கிறது. என் மேலாளருக்கு நோயின் பெயர் தெரியும், மருத்துவர் கடிதம் அவரிடம் இருக்கிறது. என்ன தேவை என்று மூன்று விஷயம் கேட்டேன்: கதவருகே இடம், கூட்டத்தில் சொல்லாமல் எழுந்து போக அனுமதி, நோய் கிளம்பும் நாளில் வீட்டிலிருந்து வேலை. மலம், ரத்தம் என்ற பேச்சே எடுக்கவில்லை. என்னோடு வேலை செய்கிறவர்களில் ஒரே ஒருவருக்கு மட்டும் முழுக்கத் தெரியும். நான் நடுவில் எழுந்து போனால் பேச்சைப் பிடித்துக்கொள்வது அவர்தான்.

எதுவுமே சொல்லாவிட்டால் அடிக்கடி எழுந்து போவதற்கு அவர்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொள்வார்கள். அது நோயைவிட மோசமான பெயராக இருக்கும்.

இரவுப்பணிச் செவிலி
குடல்நோய் வார்டில் வேலை செய்கிறேன். நீலக்குடை, எனிமாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் புட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள், எப்படி என்று யாரும் உட்கார்ந்து காட்டுவதில்லை.

படுக்கப் போகுமுன் ஒருமுறை போய்விட்டு வாருங்கள். புட்டி சில்லென்று இருந்தால் குடல் சுருங்கி உடனே வெளியே தள்ளும். கொஞ்ச நேரம் உள்ளங்கையிலோ போர்வைக்குள்ளோ வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கியிருக்கும். இடப்பக்கமாகப் படுத்து, இடது காலை நீட்டி, வலது முழங்காலை மார்புப் பக்கம் மடக்குங்கள். பெருங்குடல் இடப்பக்கம்தான் இறங்குகிறது, அதனால் மருந்து தானாகவே மேலே பரவும். முனையில் கொஞ்சம் வழவழப்புக் களிம்பு தடவி, தொப்புளை நோக்கின சாய்வில் மெதுவாகச் செலுத்துங்கள். புட்டியை அவசரமாக அமுக்காதீர்கள். எடுக்கும்போது அமுக்கிய பிடியை விடாமலே எடுக்க வேண்டும், விட்டால் மருந்து திரும்பப் புட்டிக்குள்ளேயே உறிஞ்சப்படும். அப்புறம் அரை மணி நேரமாவது அதே பக்கம் படுத்திருங்கள். கீழே ஒரு பழைய துண்டு. ராத்திரி முழுக்க நின்றால் மிக நல்லது. முதல் வாரம் நிற்காது. புண் ஆற ஆற நிற்கும் நேரம் கூடும். நிற்கவே இல்லையென்றால் நுரை வடிவிலும் சப்போசிட்டரியாகவும் (ஆசனவாயில் வைக்கும் மாத்திரை) அதே மருந்து கிடைக்கிறது, கேளுங்கள்.

இன்னொன்று. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வருவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி வைத்திருக்கும், அது விழிக்க நேரம் வேண்டும். மாத்திரையைக் காலையிலேயே போட்டுவிடுங்கள், மாலையில் போட்டால் தூக்கம் போய்விடும். ரத்தத்தோடு கடுமையாகப் போய்க்கொண்டிருக்கும்போது வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். வீங்கிய குடலை அசையாமல் கட்டிப்போட்டால் அது உப்பி ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

பச்சைவழி
எல்லோரும் மருந்து மருந்து என்கிறீர்கள். குடல் நோய்க்குக் காரணமே உணவும் மன அழுத்தமும்தான். எனக்கு உணவை மாற்றியதும் நின்றுவிட்டது, எல்லா மாத்திரையையும் விட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறேன். குணமான பிறகு எதற்கு ரசாயனம்?

ஓரிலை
பச்சைவழி, உங்களுக்கு நின்றதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் புதிதாக வந்த ஒருவர் படிக்கிற இடத்தில் இதை இப்படியே விட முடியாது.

இந்த நோய் கிளம்பும், அடங்கும். அடங்கியிருக்கிற காலத்தைக் குணம் என்று எடுத்துக்கொண்டுதான் நிறையப் பேர் மருந்தை விடுகிறார்கள். வயிறு அமைதியாக இருக்கும்போதே உள்ளே புண் இருக்கலாம். அதைப் பார்க்கத்தான் மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்றொரு பரிசோதனை. பொதுவாக 50க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250க்கு மேலே போனால் அழற்சி இருக்க வாய்ப்பு அதிகம். நடுவில் இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். நீங்கள் கடைசியாக எப்போது செய்தீர்கள்? பெருங்குடலில் வருஷக்கணக்காக அழற்சி இருந்தால் புற்றுநோய் அபாயமும் ஏறுகிறது. அதனால்தான் அறிகுறி தொடங்கி சுமார் 8 வருஷத்தில் கண்காணிப்புக் கொலனோஸ்கோப்பி ஆரம்பிக்கச் சொல்கிறார்கள், நன்றாக இருப்பவர்களுக்கும்.

உணவு ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. க்ரோன் உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 8 வாரம் வேறெதுவும் கொடுக்காமல் முழுச்சத்து திரவ உணவு மட்டும் கொடுத்தே நோயை அடக்குகிறார்கள், அது முறையான முதல் சிகிச்சை. குடல் சுருங்கினவர்கள் சக்கையான உணவைத் தவிர்த்தே ஆக வேண்டும். எது தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஒவ்வொருவரும் எழுதி வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்றை விலக்கி, இன்னொன்றை விலக்கி, கடைசியில் சாப்பிட ஒன்றுமில்லாமல் எலும்பும் தோலுமாக வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது வைத்தியம் இல்லை.

மன அழுத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1950இல் ஃபிரான்ஸ் அலெக்சாண்டர் என்ற உளப்பகுப்பாய்வாளர், மனத்தால் வரும் நோய்கள் என்று வகுத்த ஏழில் கொலைட்டிஸும் ஒன்று. ஆஸ்துமாவும் மூட்டு வாதமும்கூட அதே பட்டியலில் இருந்தன. அந்தக் கருத்தை மருத்துவம் எப்போதோ விட்டுவிட்டது, சொந்தக்காரர்கள் இன்னும் விடவில்லை. அழுத்தம் நோயைக் கூட்டலாம், சரி. "நீ கவலைப்பட்டுத்தான் வரவழைத்துக்கொண்டாய்" என்று ஒரு நோயாளியிடம் சொல்வது கொடுமை. தயவுசெய்து வேண்டாம்.

பச்சைவழி
யாரையும் புண்படுத்த எழுதவில்லை. கால்ப்ரொடெக்டின் இதுவரை செய்ததில்லை. செய்து பார்க்கிறேன்.

கீற்று
என் கேள்வி களைப்பைப் பற்றி. வயிறு இப்போது பரவாயில்லை. ஆனால் மத்தியானம் ஆனால் கை கால் ஓய்ந்துவிடுகிறது. தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு. சோம்பேறி என்று வீட்டில் நினைக்கிறார்கள் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

இரவுப்பணிச் செவிலி
கீற்று, சோம்பல் இல்லை இது. இந்த நோயில் அதிகம் பேர் சொல்லும் அறிகுறிகளில் களைப்பு ஒன்று, வயிறு அடங்கிய பிறகும் இருக்கும். சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, தைராய்டு. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் விஷயத்தில் ஒரு சூட்சுமம்: அழற்சி இருக்கும்போது அது தானாகவே ஏறும், அதனால் 100 வரை காட்டினாலும் உள்ளே இரும்பு குறைவாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் நார்மல் என்று அச்சடித்திருந்தாலும் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்பு மாத்திரை வயிற்றைக் கிளறினால் ரத்தக்குழாய் வழியாக ஏற்றலாம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நோய் இருந்தாலோ, அதை வெட்டி எடுத்திருந்தாலோ பி12 உறிஞ்சப்படுவது அங்கேதான் என்பதால் ஆயுசுக்கும் ஊசி தேவைப்படலாம்.

இரவில் எழ வேண்டியிருக்கிறதா? தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு என்றால் நோய் இன்னும் அடங்கவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீற்று
இரவில் எழுவதில்லை. பி12 பார்த்ததே இல்லை. எனக்கு அந்தக் கடைசிப் பகுதியை எடுத்திருக்கிறார்கள். நாளைக்கே கேட்கிறேன். நன்றி அக்கா.

மாடிப்படி
நான் நோயாளி இல்லை. என் கணவருக்கு க்ரோன், ஆசனவாயில் பௌத்திரம். உள்ளே சீட்டன் என்ற நூலைப் போட்டு விட்டிருக்கிறார்கள், சீழ் வடிந்துகொண்டே இருக்கட்டும் என்று. அவர் என்னோடு ஒரே படுக்கையில் படுக்கக் கூசுகிறார். நாற்றம் வருமென்று. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை, ஆனால் அவரிடம் அதை எப்படிச் சொல்வது? சொன்னால் இரக்கப்படுகிறேன் என்கிறார். குழந்தை வேண்டுமென்ற ஆசையும் இருவருக்கும் இருக்கிறது. மாமியார் இது ஒட்டுவாரொட்டியோ என்று தனித் தட்டு வைக்கிறார்.

தூரப்பயணி
மாடிப்படி அம்மா, தட்டை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். இது யாருக்கும் தொற்றாது. அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வெள்ளைக் கோட்டு சொன்னால்தான் சிலருக்கு ஏறும்.

உங்கள் கணவர் இடத்தில் நான் இருந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வார்த்தையால் தேற்றுவதைவிட, வேலையில் பங்கெடுப்பதுதான் எனக்கு உதவியது. என் மனைவி ஒரு நாள் பஞ்சும் துணியும் வாங்கி வந்து அலமாரியில் தன் பொருள்களோடு சேர்த்து வைத்தாள். அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அன்றைக்குத்தான் இது எங்கள் இருவருக்கும் பொதுவான ஒரு வீட்டுச் சாமான் என்று ஆனது. வெதுவெதுப்பான தண்ணீரில் இடுப்பு வரை உட்கார்வது, கஞ்சி போடாத பருத்தி உள்ளாடை, அடிக்கடி மாற்றும் மெல்லிய திண்டு, இவ்வளவுதான். நீங்கள் பயப்படுகிற அளவுக்கு நாற்றம் வெளியே வராது.

குழந்தை விஷயம்: பெரும்பாலான மருந்துகளோடு முடியும். நோய் அடங்கியிருக்கும்போது முயல்வது நல்லது. சல்ஃபாசலசின் எடுக்கும் ஆணுக்கு விந்தணு குறையும், நிறுத்தினால் சில மாதத்தில் திரும்பிவிடும். பெண் நோயாளி என்றால் மெத்தோட்ரெக்சேட் கூடவே கூடாது, முன்கூட்டியே நிறுத்த வேண்டும். அவர் எடுப்பது எதுவென்று சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

வெண்தாள்
தூரப்பயணி, உங்களுக்கு ஸ்டோமா (குடலை வயிற்றின் வழியே வெளியே திறந்து பை மாட்டுவது) என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தீர்கள். எனக்கு மருத்துவர் அந்தப் பேச்சை எடுத்திருக்கிறார். பயாலஜிக் (எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஊசி மருந்து) இரண்டு மாற்றியும் அடங்கவில்லை. எனக்கு அது வாழ்க்கை முடிந்த மாதிரி இருக்கிறது.

தூரப்பயணி
வெண்தாள், அந்தப் பயம் எனக்குத் தெரியும். சமாதானம் சொல்லப் போவதில்லை, ஒரு காலை எப்படிப் போகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

பை மாற்றுவது எழுந்தவுடனே, எதுவும் சாப்பிடுமுன். அப்போதுதான் குடல் அமைதியாக இருக்கும். பையைத் தோலில் ஒட்டும் பழைய தட்டை மேலிருந்து கீழாக, தோலை இன்னொரு கையால் அழுத்திக்கொண்டு மெதுவாக உரிப்பேன். வெறும் வெதுவெதுப்பான தண்ணீரால் சுத்தம், வாசனைச் சோப்பு கிடையாது, எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டாது. ஸ்டோமா என்பது வெளியே இழுத்து மடித்துத் தைத்த என் சிறுகுடலின் முனைதான், உதட்டின் உள்பக்கம் மாதிரிச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, அதில் வலி நரம்பு இல்லை. துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் வரலாம், பயப்பட ஒன்றுமில்லை. சுற்றியுள்ள தோலை நன்றாகக் காயவிட்டு, புதுத் தட்டில் ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக ஓட்டை வெட்டி ஒட்டுவேன். ஓட்டை பெரிதானால் மலம் தோலில் பட்டு அரித்துவிடும், சிறுகுடல் நீரில் செரிமான நொதி இருக்கிறது. ஒட்டின பிறகு உள்ளங்கையை அதன் மேல் வைத்துச் சில நிமிஷம் அப்படியே இருப்பேன். சூட்டில்தான் பசை பிடிக்கும். அவ்வளவுதான், சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

கஷ்டம் இல்லையா என்றால் இருக்கிறது. முதல் மாதங்களில் கசிந்து படுக்கை நனைந்தது, கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. பெருங்குடல் இல்லாததால் தண்ணீரும் உப்பும் வேகமாகப் போகும். பையில் தண்ணீராக நிறைய வரும்போது வெறும் தண்ணீரைக் குடித்தால் இன்னும் கூடும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓஆர்எஸ் கரைசல்தான் வேண்டும். ஆனால் கதவு எங்கே, டாய்லெட் எங்கே என்று தேடுகிற கண் எனக்கு இப்போது இல்லை. பயணம் போகிறேன், ராத்திரி ஒரே ஒரு தடவை எழுந்து பையைக் காலி செய்துவிட்டுத் தூங்குகிறேன்.

உங்களுக்குக் கொலைட்டிஸ் என்றால் பெருங்குடலையும் மலக்குடலையும் முழுக்க எடுத்தபின், சிறுகுடலையே மடித்து உள்ளே ஒரு பை தைத்து, வெளிப்பையே இல்லாமல் ஆக்கும் வழியும் உண்டு. பார்க்ஸ், நிக்கல்ஸ் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1978இல் எழுதிய முறை. க்ரோன் என்றால் பொதுவாக அதைச் செய்வதில்லை. எது உங்களுக்குப் பொருந்தும் என்று ஸ்டோமா செவிலியையும் சேர்த்து வைத்துப் பேசுங்கள். அறுவைக்கு முன்பே வயிற்றில் எந்த இடத்தில் வர வேண்டும் என்று உட்கார்ந்து, நின்று, குனிந்து பார்த்துக் குறியிட்டுக் கொடுப்பார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள், பெல்ட் போடுகிற இடத்தில் வந்துவிட்டால் தினமும் தொல்லை.

வெண்தாள்
கொலைட்டிஸ்தான். உள்ளே பை தைக்கும் முறை பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. இதை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கேட்கிறேன்.

நீலக்குடை
எல்லோருக்கும் நன்றி. எனிமா இப்போது விடியும் வரை நிற்கிறது, காலையில் அவசரம் குறைந்திருக்கிறது. மேலாளரிடம் பேசிவிட்டேன், இடத்தை மாற்றிக் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு கேள்வி. மூட்டு வலிக்கு வலி மாத்திரை போடலாமா? எந்த நிலையில் வீட்டில் பொறுத்துக்கொண்டு இருக்காமல் அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும்?

இரவுப்பணிச் செவிலி
ஐப்யூப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை சிலருக்கு நோயைக் கிளப்பிவிடும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சாதாரண வலிக்கு அளவோடு பாராசிட்டமால். மூட்டு வலி இந்த நோயின் பகுதியாகவே வரலாம், கண் சிவந்து வலிப்பதும் அப்படித்தான், இரண்டையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு, ட்ரூலவ், விட்ஸ் என்ற இருவர் 1955இல் வகுத்த அளவுகோலையே இன்றும் பயன்படுத்துகிறோம். ஒரு நாளில் ஆறு அல்லது அதற்கு மேல் ரத்தத்தோடு போகிறது, கூடவே காய்ச்சல், அல்லது சும்மா இருக்கும்போதே நாடித்துடிப்பு 90க்கு மேல் என்றால் காத்திருக்கக் கூடாது. வயிறு உப்பிக் கல்லாகிவிட்டால் உடனே. கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு வாங்கினாலும் உடனே. நோய் கிளம்பியிருக்கும்போது ரத்தம் உறையும் அபாயம் கூடுதல். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து ஆரம்பிக்கும் பேச்சு வந்தால் அதற்கு முன்பே தடுப்பூசிகளை முடித்துவிடுங்கள், உயிருள்ள கிருமி கொண்டவற்றை அப்புறம் போட முடியாது. காசநோய் பரிசோதனையும் செய்வார்கள், மறைந்திருக்கும் காசநோயைப் பயாலஜிக் ஊசி எழுப்பிவிடலாம் என்பதால்.

கீற்று
பி12 மிகவும் குறைவாக இருந்தது. ஊசி ஆரம்பித்திருக்கிறார்கள். இன்னொரு சந்தேகம், தூரப்பயணியிடம். அடலிமுமாப் என்ற பயாலஜிக் ஊசியும் எடுக்கிறேன், விமானத்தில் போக வேண்டியிருக்கிறது. எப்படிக் கொண்டு போவது?

தூரப்பயணி
கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. அங்கே உறைந்துவிடலாம், பெட்டி தொலையவும் செய்யலாம். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கும் மருந்து அது. குளிர்பையில் ஐஸ் பொதி ஊசியை நேராகத் தொடாமல் நடுவில் துணி வையுங்கள், உறைந்துபோனால் பிறகு இளகினாலும் பயன்படுத்தக் கூடாது. முதலில் வந்த தயாரிப்பை 25 டிகிரிக்குள் அதிகபட்சம் 14 நாள் வெளியே வைக்கலாம், ஆனால் இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன, உங்கள் பெட்டியிலுள்ள தாளில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். வெளியே எடுத்த தேதியைப் பெட்டிமேல் எழுதிவிடுங்கள். மருத்துவர் கடிதம் ஊசியோடு சேர்ந்தே இருக்கட்டும், பாதுகாப்புச் சோதனையில் கேட்பார்கள்.

வெண்தாள், உங்களுக்கும் பின்னால் தேவைப்படலாம், அதனால் சேர்த்தே எழுதுகிறேன். பைகளை வழக்கமாக ஆகும் எண்ணிக்கையைப் போல் இரு மடங்கு, அதுவும் கைப்பையில். தட்டுகளை வீட்டிலேயே வெட்டி வைத்துக்கொண்டு போங்கள், கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொள்ளலாம் அவர்கள்.

வெண்தாள்
குறித்துக்கொண்டேன். அடுத்த வாரம் அறுவை மருத்துவரைப் பார்க்கிறேன், என்ன சொன்னார் என்று எழுதுகிறேன்.